கணித உண்மைகள் நாம் பேசி வைத்துக்கொண்டவையா?

கேள்வியின் சாரம் இது: சதுரங்கத்தில் குதிரை எப்படி நகர வேண்டும் என்று மனிதர்கள் முடிவு செய்தார்கள். அதே மாதிரி 2 + 2 = 4 என்பதும், ஒரு கூற்றும் அதன் மறுப்பும் ஒருசேர உண்மையாக இருக்க முடியாது என்பதும் நாம் செய்துகொண்ட உடன்பாடுதானா? வேறு மாதிரி முடிவு செய்திருந்தால் வேறு கணிதமும் வேறு தர்க்கமும் உண்மையாகியிருக்குமா?

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விதிகளில் பெரும்பகுதி நாம் வைத்ததுதான். ஆனால் அந்த விதிகளிலிருந்து என்ன வரும் என்பது நம் கையில் இல்லை. இந்த இரண்டாவது விஷயத்தையும் உடன்பாட்டுக்குள் அடக்கப் பார்த்த முயற்சிகள் எல்லாம் ஒரே இடத்தில் போய் முட்டி நிற்கின்றன. அது எந்த இடம் என்பதுதான் இந்தப் பதிலின் முக்கால்வாசி.

சதுரங்கத்தையே எடுத்துக்கொள்வோம். குதிரை இரண்டு கட்டம் நேராகவும் ஒரு கட்டம் பக்கவாட்டிலும் போகும் என்பது மனிதர்கள் வைத்த விதி. எதிராளியிடம் ராஜா மட்டும் மிச்சம், உங்களிடம் ராஜாவும் ஒரே ஒரு குதிரையும் இருக்கின்றன என்று வையுங்கள். செக்மேட் செய்யவே முடியாது. எதிராளி எவ்வளவு மோசமாக ஆடினாலும் முடியாது. பலகையில் அப்படி ஒரு நிலையே கிடையாது. இதை யார் தீர்மானித்தது? யாரும் இல்லை. உலகச் சதுரங்கக் கூட்டமைப்பான ஃபிடேயின் விதிகளின்படி அந்த ஆட்டம் டிராவாக முடிகிறது என்பது உண்மை. ஆனால் மேட் முடியாது என்பதால்தான் டிரா என்றார்கள், டிரா என்று அவர்கள் எழுதியதால் மேட் முடியாமல் போகவில்லை. குதிரையின் நடையை மாற்றலாம், பலகையைச் சுருக்கலாம். அப்போது அது வேறு ஆட்டம். அந்த ஆட்டத்துக்கும் யாரும் தீர்மானிக்காத விளைவுகள் வரிசையாக வந்து நிற்கும்.

இனி எதிர்த்தரப்பு. எல்லாமே உடன்பாடுதான் என்று சொன்னவர்கள் சாதாரண ஆட்கள் இல்லை. யூக்ளிடின் வடிவியல் இரண்டாயிரம் வருடங்களுக்கு மேலாக மாற்றமுடியாத உண்மையாக நின்றது. ஒரு கோட்டுக்கு வெளியே இருக்கும் புள்ளி வழியாக அந்தக் கோட்டுக்கு இணையாக ஒரே ஒரு கோடுதான் போகும் என்பதை மறுக்க முடியும் என்று யாரும் நினைக்கவில்லை. 1829-ல் ரஷ்யாவில் லோபச்செவ்ஸ்கியும் 1832-ல் ஹங்கேரியில் போல்யாயும் அதை மறுத்தே முழு வடிவியல்களைக் கட்டிக்காட்டினார்கள். எது உண்மையான வடிவியல் என்ற கேள்விக்கு பிரெஞ்சுக் கணித அறிஞர் ஆன்ரி புவான்காரே 1902-ல் ஒரு பதில் சொன்னார்: அந்தக் கேள்வியே தப்பு, மெட்ரிக் அளவை உண்மை, பழைய அளவை பொய் என்று யாராவது சொல்வார்களா? வடிவியலின் அடிகோள்கள் (நிரூபிக்காமல் எடுத்துக்கொள்ளும் தொடக்கக் கூற்றுகள்) மாறுவேடம் போட்ட வரையறைகள்தான், வசதியானதை எடுத்துக்கொள்கிறோம், அவ்வளவுதான் என்றார்.

அப்புறம் வியன்னா வட்டம் என்ற தத்துவவாதிகள் குழு வந்தது. அறிவு எல்லாம் அனுபவத்திலிருந்தே வருகிறது என்று பிடிவாதமாக நின்றவர்கள் அவர்கள். கணிதம் அவர்களுக்குப் பெரிய தலைவலி. எந்த அனுபவமும் 7 + 5 = 12 என்பதைப் பொய்யாக்குவதில்லை. இரண்டு கூடைப் பழங்களைக் கொட்டி எண்ணும்போது 11 வந்தால், ஒன்று உருண்டு ஓடிவிட்டது என்போமே தவிர கூட்டல் பொய்த்தது என்று சொல்ல மாட்டோம். அனுபவத்திலிருந்து வராத அறிவு எப்படி இருக்க முடியும்? அவர்கள் கண்ட வழி சாமர்த்தியமானது: கணிதமும் தர்க்கமும் உலகைப் பற்றி எதுவுமே சொல்வதில்லை, நம் மொழியின் விதிகளையே திருப்பிச் சொல்கின்றன. அந்த வட்டத்தைச் சேர்ந்த ருடால்ஃப் கார்னாப் 1934-ல் வந்த நூலில் இதைத் தாராளமான கொள்கையாகவே வைத்தார். தர்க்கத்தில் ஒழுக்கவிதி எதுவும் கிடையாது, யாரும் தமக்கு வேண்டிய தர்க்கத்தைக் கட்டிக்கொள்ளலாம், விதிகளைத் தெளிவாகச் சொல்லிவிட்டால் போதும் என்றார். 1936-ல் ஆங்கிலேயர்களுக்கு இதைக் கொண்டுபோய்ச் சேர்த்த ஏ. ஜே. ஏயருக்கு அப்போது வயது 25. அந்த வயதுக்கே உரிய தன்னம்பிக்கை அவர் எழுத்தில் தெரியும்.

கணிதத்துக்குள் உடன்பாடுகள் ஏராளம் என்பதில் எனக்குத் தகராறு இல்லை. 1 பகா எண்ணா? இன்று இல்லை என்கிறோம். 1742-ல் ஆய்லருக்குக் கடிதம் எழுதிய கோல்ட்பாக் அதைப் பகா எண்ணாகவே எடுத்துக்கொண்டார். 1914-ல் டி. என். லெமர் வெளியிட்ட, ஒரு கோடியைத் தாண்டிப் போகும் பகா எண் பட்டியல் 1-லிருந்துதான் தொடங்குகிறது. அப்புறம் ஏன் 1-ஐத் தள்ளிவைத்தோம்? 12 என்பதைப் பகா எண்களின் பெருக்கமாக எழுத ஒரே வழிதான் உண்டு: 2 × 2 × 3. வரிசை மாறலாம், ஆட்கள் மாறமாட்டார்கள். 1-ஐ உள்ளே விட்டால் 1 × 2 × 2 × 3, 1 × 1 × 2 × 2 × 3 என்று போய்க்கொண்டே இருக்கும். ஒவ்வொரு தேற்றத்திலும் '1 நீங்கலாக' என்று சேர்த்து எழுத வேண்டியிருக்கும். அந்தத் தொல்லைக்காகத்தான் வெளியே நிறுத்தினோம். சரி, இது சுத்தமான உடன்பாடு. ஆனால் என்ன மாறியது என்று பாருங்கள். பகா எண் என்ற பெயர் எதற்குப் பொருந்தும் என்பது மாறியது. 12 எப்படிப் பிரியும் என்பது 1742-லும் 1914-லும் இன்றும் ஒன்றுதான்.

நம் பழைய எண்சுவடியிலும் இதைப் பார்க்கலாம். 1/16 மாகாணி, 1/8 அரைக்கால், 1/20 மா, 1/80 காணி, 1/320 முந்திரி. பெயர்கள், எழுத்துக்குறிகள், எந்தப் பின்னத்துக்குத் தனிப்பெயர் கொடுப்பது என்ற தேர்வு எல்லாம் நம் ஆட்கள் செய்தவை. வேறு ஊரில் வேறு மாதிரி செய்தார்கள். ஆனால் இரண்டு மாகாணி ஓர் அரைக்கால், நாலு காணி ஒரு மா என்பதை அவர்கள் வைக்கவில்லை, அது தானாக வந்து விழுந்தது. 320 என்பது 16-ஆலும் 20-ஆலும் மீதியில்லாமல் வகுபடும். அதனால்தான் மாகாணிக்கு 20 முந்திரி, மாவுக்கு 16 முந்திரி என்று முழுசாக வருகிறது.

'2 + 2 = 5 என்று நாம் முடிவு செய்திருக்கலாமே' என்ற வாதம் சறுக்குவதும் இங்கேதான். 5 என்ற குறியை நாலுக்கு வைத்திருக்கலாம். அப்போது அந்த வாக்கியம் உண்மைதான், ஆனால் அது சொல்லும் சேதி இன்று நாம் 2 + 2 = 4 என்று எழுதிச் சொல்லும் அதே சேதி. வாக்கியத்துக்குப் பொருள் கொடுப்பது உடன்பாடு. அந்தப் பொருள்படி அது சரியா தப்பா என்பது வேறு கணக்கு.

உடன்பாட்டுக்காரர் இதற்கு ஒரு பதில் வைத்திருப்பார், நல்ல பதில்தான். அதற்கு முன் ஓர் உதாரணம். 3, 5, 17, 257, 65537 ஆகிய ஐந்தும் பகா எண்கள். இரண்டை 1, 2, 4, 8, 16 என்ற அடுக்குகளுக்கு உயர்த்தி ஒன்றைக் கூட்டினால் கிடைப்பவை. இப்படிக் கிடைப்பவை எல்லாமே பகா எண்கள் என்று ஃபெர்மா நம்பினார். அடுத்தது 4,294,967,297. 1732-ல் ஆய்லர் அதை உடைத்துக்காட்டினார்: 641 × 6,700,417. பேனா எடுத்துப் பெருக்கிப் பாருங்கள், ஐந்து நிமிட வேலை. பகா எண்ணின் வரையறையும் பெருக்கலும் ஃபெர்மாவுக்கு அத்துப்படி. விதிகள் அத்தனையிலும் கையெழுத்துப் போட்ட ஆள், விளைவில் ஏமாந்துவிட்டார். நம் ராமானுஜனும் 1913-ல் ஹார்டிக்கு எழுதியபோது பகா எண்களின் எண்ணிக்கை பற்றிச் சொன்ன கணிப்பு பின்னால் நிற்கவில்லை. அந்த மேதைமைக்கே வளைந்துகொடுக்காத ஒன்றை உடன்பாடு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

உடன்பாட்டுக்காரரின் பதில்: "விதிகளை ஒப்புக்கொண்டபோதே 641-ஐயும் ஒப்புக்கொண்டுவிட்டீர்கள். அது விதிக்குள்ளேயே இருந்தது, உங்களுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்." இந்த 'உள்ளேயே இருந்தது' என்ற சொல்லைப் பிடித்துக்கொள்வோம். இருந்தது என்றால், அந்த விதிகளிலிருந்து இது வந்தே தீரும் என்று பொருள். அந்த 'வந்தே தீரும்' எங்கிருந்து வந்தது? அதுவும் உடன்பாடா?

1895-ல் மைண்ட் என்ற தத்துவ இதழில் லூயிஸ் கரோல் ஒரு குட்டி உரையாடல் எழுதினார். அக்கிலீஸும் ஓர் ஆமையும் யூக்ளிடின் ஒரு வாதத்தைப் பற்றிப் பேசுகிறார்கள். அ: ஒரே பொருளுக்குச் சமமானவை ஒன்றுக்கொன்று சமம். ஆ: இந்த முக்கோணத்தின் இரு பக்கங்களும் ஒரே பொருளுக்குச் சமமானவை. ஆகவே இ: இந்த இரு பக்கங்களும் ஒன்றுக்கொன்று சமம். ஆமை சொல்கிறது: "அ சரி, ஆ சரி. இ-ஐ நான் இன்னும் ஏற்கவில்லை. அ-வும் ஆ-வும் உண்மை என்றால் இ உண்மை என்று எனக்கு யார் சொன்னது?" அக்கிலீஸ் மசிகிறான்: "சரி, அதையும் ஒரு கூற்றாக ஏற்றுக்கொள்." ஆமை ஏற்றுக்கொள்ள, அக்கிலீஸ் அதைத் தன் நோட்டில் எழுதுகிறான். இப்போது கையில் மூன்று கூற்றுகள். "இந்த மூன்றும் உண்மை, ஆனாலும் இ-ஐ ஏன் ஏற்க வேண்டும்? மூன்றும் உண்மை என்றால் இ உண்மை என்று இன்னொன்று வேண்டாமா?" அதையும் எழுதுகிறார்கள். நோட்டு நிரம்பிக்கொண்டே போகிறது. இ வருவதாக இல்லை.

நாற்பது வருடம் கழித்து, 1936-ல், அமெரிக்கத் தத்துவவாதி க்வைன் இந்த ஆமையை வியன்னா வட்டத்தின் மேல் ஏவிவிட்டார். தர்க்க உண்மைகள் எண்ணில் அடங்காதவை, ஒவ்வொன்றாக உட்கார்ந்து உடன்பாடு செய்ய முடியாது. எனவே பொதுவாகத்தான் செய்தாக வேண்டும்: 'இன்னது என்றால் இன்னது என்ற வடிவில், இரண்டு இடத்திலும் ஒரே கூற்று வரும் வாக்கியங்கள் எல்லாம் உண்மை என்று வைத்துக்கொள்வோம்.' நல்லது. இப்போது 'மழை பெய்தால் மழை பெய்கிறது' என்ற வாக்கியம் உண்மையா? அந்த வடிவில் இருப்பவை எல்லாம் உண்மை. இது அந்த வடிவில் இருக்கிறது. ஆகவே இது உண்மை. நிறுத்துங்கள். இந்த 'ஆகவே'யை யார் கொடுத்தது? பொது விதியிலிருந்து தனி வாக்கியத்துக்கு இறங்குவதே ஒரு தர்க்க அடிதான். அதையும் உடன்பாடாக வைத்தால், அந்த உடன்பாட்டை இந்த வாக்கியத்துக்குப் பொருத்த இன்னொரு 'ஆகவே' வேண்டும். தர்க்கத்தை உடன்பாட்டிலிருந்து செய்ய வேண்டுமானால், உடன்பாட்டைப் பயன்படுத்தவே தர்க்கம் முன்னால் வந்து நிற்க வேண்டியிருக்கிறது.

தர்க்கம் ஊருக்கு ஊர் மாறும் என்பவர்கள் நம் மரபைக் காட்டுவது உண்டு. மணிமேகலையின் 29-ஆம் காதையில் அறவண அடிகள் சொல்லும் ஐந்து உறுப்புகளைப் பாருங்கள்: பக்கம் (நிறுவ வேண்டிய கூற்று), ஏது (காரணம்), திட்டாந்தம் (உதாரணம்), உபநயம் (பொருத்துதல்), நிகமனம் (முடிவு). இந்த மலையில் நெருப்பு இருக்கிறது, புகை இருப்பதால், அடுக்களையைப் போல என்று போகும். அரிஸ்டாட்டிலின் மூன்று வரி அமைப்புக்கும் இதற்கும் கட்டுமானம் வேறு. எத்தனை உறுப்பு வைப்பது, உதாரணம் கட்டாயமா என்பதெல்லாம் மரபின் தேர்வு. ஆனால் 'இங்கும் புகை இருக்கிறதே' என்று பொதுவை இந்த மலைக்குப் பொருத்தும் உபநயம் இருக்கிறதே, ஆமை எடுத்துவைக்க மறுத்தது ஏறக்குறைய அந்த அடியைத்தான். அதற்குத் தனிப்பெயர் கொடுக்கலாம், கொடுக்காமலும் விடலாம். அந்த அடியை வைக்காமல் எந்த மரபிலும் யாரும் எந்த முடிவுக்கும் வந்ததில்லை.

உடன்பாட்டுக்காரர் இங்கே சரணடைவதில்லை. யாரும் உட்கார்ந்து பேசி உடன்படவில்லை, நடைமுறையிலேயே உடன்பாடு ஊறியிருக்கிறது என்பார். குழந்தை இலக்கணப் புத்தகம் படித்தா பேசுகிறது? 2020-ல் ஜாரெட் வாரன் என்ற அமெரிக்கத் தத்துவவாதி இந்த வழியில் ஒரு முழு நூலே எழுதி, உடன்பாட்டுக் கொள்கைக்கு மறுபடி உயிர் கொடுக்கப் பார்த்தார். மதிக்க வேண்டிய முயற்சி. ஆனால் க்வைன் 1936-லேயே இதற்கும் ஒரு வார்த்தை வைத்திருந்தார்: பேசாமலும் தீர்மானிக்காமலும் நடந்துகொண்டிருப்பதை உடன்பாடு என்று அழைப்பதால் புதிதாக என்ன விளங்கிவிட்டது? வெறும் ஒட்டிய சீட்டு. 1970-களில் தத்துவவாதி சால் கிரிப்கி தன் வகுப்புகளில் இதை இன்னும் இறுக்கினார். 'எல்லா' என்பதிலிருந்து 'இது' என்பதற்கு இறங்கத் தெரியாத ஒருவனிடம் அந்த விதியைச் சொல்லிக்கொடுத்தால் பிடித்துக்கொள்வானா? மாட்டான். விதியே 'எல்லா' என்றுதான் தொடங்குகிறது. அதைத் தன் முன் இருக்கும் உதாரணத்துக்குப் பொருத்த அவனுக்கு அதே திறமை ஏற்கெனவே வேண்டும். குதிரையின் நடையை யாரும் சொல்லித்தரலாம், நாளைக்கே மாற்றியும் தரலாம். இதை அப்படிச் செய்ய வழியில்லை.

விதியை வைத்தாலே உண்மை பிறந்துவிடும் என்ற நம்பிக்கையை தர்க்கவியலாளர் ஆர்தர் ப்ரையர் 1960-ல் மூன்று பக்கத்துக்குள் கேலி செய்தார். 'டாங்க்' என்று ஒரு புது இணைப்புச்சொல். அதற்கு இரண்டே விதி. எந்தக் கூற்றோடும் டாங்க் போட்டு உங்களுக்குப் பிடித்த கூற்றைச் சேர்க்கலாம். டாங்க் போட்டுச் சேர்ந்ததில் இரண்டாவதைத் தனியே கழற்றி எடுத்துக்கொள்ளலாம். சென்னையில் கடல் இருக்கிறது. ஆகவே, சென்னையில் கடல் இருக்கிறது டாங்க் மதுரையில் கடல் இருக்கிறது. ஆகவே மதுரையில் கடல் இருக்கிறது. விதிப்படி எல்லாம் சரி! எந்த விதியையும் வைக்கலாம் என்பவர் இதை ஏன் வைக்கக்கூடாது என்று சொல்லியாக வேண்டும். இது எல்லாவற்றையும் நிரூபித்துத் தொலைக்கும் என்பார். அப்படிச் சொல்லும்போது, எந்த விதி எங்கே கொண்டுபோய் விடும் என்பது தம் கையில் இல்லை என்று ஒப்புக்கொள்கிறார்.

தர்க்கவியலாளர் கர்ட் கோடெல் பிடித்த புள்ளியும் இதற்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. விதிகள் உலகைப் பற்றி எதுவும் சொல்லாத வெறும் உடன்பாடு என்று சொல்ல வேண்டுமானால், அவற்றில் முரண்பாடு இல்லை என்று தெரிந்திருக்க வேண்டும். முரண்பாடு இருந்தால் அவற்றிலிருந்து எதுவும் வரும், மதுரைக் கடல் உட்பட. ஆனால் கணித விதித்தொகுப்பு ஓரளவு வலுவாக இருந்தால், தன்னிடம் முரண்பாடு இல்லை என்பதை அது தன் பலத்தில் நிரூபிக்க முடியாது. இது 1931-ல் அவரே காட்டியது. அதைவிட வலுவான கணிதம் வேண்டும். அந்தக் கணிதமும் வெறும் உடன்பாடா? கார்னாப் பற்றிய தொகுப்பு ஒன்றுக்காக 1950-களில் இந்தக் கட்டுரையை ஆறு வடிவங்களில் எழுதிப் பார்த்தும் திருப்தி இல்லாமல் அனுப்பாமலே விட்டார். அவர் இறந்த பிறகு, 1995-ல்தான் அச்சில் வந்தது. கார்னாப்பின் ஆதரவாளர்கள் இதற்குப் பதில் சொல்லியிருக்கிறார்கள், ஆனால் எனக்கு ஆமை வாதம் அளவுக்கு இதுவும் வலுவாகத்தான் படுகிறது.

தத்துவவாதி விட்கென்ஸ்டைனை விட்டுவிட்டால் யாராவது சண்டைக்கு வருவார்கள். அவர் தரும் உதாரணம் இது: 1000 வரை இரண்டிரண்டாகக் கூட்டிய மாணவன் அதன்பின் 1004, 1008 என்று எழுதிவிட்டு 'அதே மாதிரிதானே போகிறேன்' என்கிறான். விதிக்குள் அடுத்த எண் ஒளிந்திருக்கிறது என்ற படத்தை இது ஆட்டுகிறது என்பது உண்மை. ஒவ்வோர் அடியும் புதுத் தீர்மானம் என்று அவர் சொல்வதாக வாசிப்பவர்களும் உண்டு. 1939-ல் கேம்பிரிட்ஜில் அவர் வகுப்பில் ஆலன் டூரிங் உட்கார்ந்து வாதாடினார். கணிதத்தில் ஒளிந்திருக்கும் முரண்பாட்டால் என்ன கெட்டுவிடும் என்று விட்கென்ஸ்டைன் கேட்க, அதை நம்பிக் கட்டிய பாலம் இடிந்து விழலாம் என்றார் டூரிங். நான் டூரிங் பக்கம்.

உடன்பாட்டுக்காரர் நிஜமாகவே பலமாக நிற்கும் இடங்களும் உண்டு. தர்க்கத்திலேயே தேர்வு இருக்கிறது. பின்னமாக எழுத முடியாத ஓர் எண்ணை அதே போன்ற இன்னொன்றின் அடுக்குக்கு உயர்த்தினால் பின்னமாக எழுதக்கூடிய எண் கிடைக்குமா? இப்படி நிரூபிப்பார்கள்: √2-ஐ √2 அடுக்குக்கு உயர்த்துங்கள். கிடைப்பது பின்னம் என்றால் வேலை முடிந்தது. இல்லை என்றால், கிடைத்ததை மறுபடி √2 அடுக்குக்கு உயர்த்துங்கள், 2 வரும். எப்படியும் ஒன்று உண்டு. 1908-லிருந்தே டச்சுக் கணித அறிஞர் ப்ரௌவர் இந்த மாதிரி வாதங்களை ஏற்க மறுத்தார்: இரண்டில் எது என்று சொல்லாமல் 'எப்படியும் ஒன்று' என்பது என்ன நிரூபணம்? (எது என்பது 1934-ன் கெல்ஃபாண்ட்–ஷ்னைடர் தேற்றத்தோடு தெளிவாகிவிட்டது, இரண்டாவதுதான்.) இரண்டு தர்க்கங்களில் எதை எடுப்பது என்பதில் மனிதத் தேர்வு இருப்பதை மறுக்க மாட்டேன். ஆனால் ப்ரௌவரின் தர்க்கத்தில் எது தேறும், பழைய தர்க்கத்தில் எது தேறும் என்பதில் இரு தரப்புக்கும் சண்டையே இல்லை. பழைய தர்க்கத்தில் செய்யும் எண்கணிதத்தை ப்ரௌவரின் தர்க்கத்துக்குள் மொழிபெயர்த்துவிடலாம் என்று கோடெல் 1933-ல் காட்டியபோது, இரு தரப்பும் அதே நிரூபணத்தைச் சரிபார்த்து ஏற்றுக்கொள்ள முடிந்தது.

அவர்களின் இன்னொரு பலம்: உடன்பாடு இல்லை என்றால் எண்கள் எங்கே இருக்கின்றன, காலமும் இடமும் இல்லாத ஒன்றை நாம் எப்படி அறிகிறோம் என்று திருப்பிக் கேட்பார்கள். 1973-ல் தத்துவவாதி பெனசெராஃப் இதைக் கூர்மையாக வைத்தார், இன்றுவரை எல்லோரும் ஒப்பும் பதில் இல்லை. என்னிடமும் இல்லை. ஒரு மருந்து வேலை செய்யவில்லை என்று சொல்ல, வேறு மருந்து கையில் இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

கடைசியாக, உடன்பாட்டுக் கொள்கைக்கு மிகச் சாதகமான களம். முழு எண்களும் முடிவில்லாதவை, கோட்டின் மேல் இருக்கும் புள்ளிகளும் முடிவில்லாதவை. ஆனால் இரண்டாவது முடிவிலி பெரியது. நடுவில் இன்னொரு அளவு உண்டா? இல்லை என்று கணித அறிஞர் கான்டர் ஊகித்தார். கணக் கோட்பாட்டின் வழக்கமான அடிகோள்களால் அதைப் பொய்யாக்க முடியாது என்று கோடெல் 1930-களின் இறுதியிலும், உண்மையென்று நிரூபிக்கவும் முடியாது என்று பால் கோஹன் 1963-லும் காட்டினார்கள். இங்கே விதி மௌனம். எனவே இஷ்டப்படி வைத்துக்கொள்ளலாம் என்று சொல்ல இதைவிடத் தோதான இடம் கிடைக்காது, அப்படிச் சொல்லும் கணித அறிஞர்களும் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வது சரியாகவும் இருக்கலாம். ஆனால் ஹியூ வுடின் போன்ற கணித அறிஞர்கள் பல பத்தாண்டுகளாகப் புதிய அடிகோள்களைத் தேடி, ஒவ்வொன்றும் எங்கே கொண்டுபோய் விடுகிறது என்று ஆராய்ந்துகொண்டிருக்கிறார்கள். கான்டரின் ஊகம் பொய் என்ற பக்கம் வாதாடிய வுடின், பின்னால் தம் ஆராய்ச்சியே வேறு பக்கம் இழுத்ததால், உண்மை என்ற பக்கம் சாய்ந்தார். அந்த ஆராய்ச்சியின் முக்கியமான ஊகம் ஒன்று இன்னும் நிரூபிக்கப்படவில்லை. அது தேறுமா தேறாதா என்பதை வுடினும் காத்திருந்துதான் பார்க்க வேண்டும்.